உடம்பு ஏற்ற எவ்வளவு சாப்பிட வேண்டும்? கலோரிக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்மில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் மாதம் பயிற்சியைப் பற்றித்தான் கேட்பார்கள். இரண்டாவது மாதம் கேள்வி சாப்பாட்டுக்கு மாறிவிடும். பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கணக்கெல்லாம் நம் வீட்டுச் சாப்பாட்டை வைத்துத்தான்.

புரோட்டீன் நிறையச் சாப்பிடுகிறேன். கலோரியையும் ஏன் பார்க்க வேண்டும்?

புரோட்டீன் செங்கல் என்றால் கலோரி கொத்தனாருக்குக் கொடுக்கும் கூலி. சாப்பாடு மொத்தமாகக் குறைந்தால், நீங்கள் சாப்பிடும் புரோட்டீனில் ஒரு பகுதியை உடம்பு எரித்து அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும். ஒல்லியாக இருக்கும் ஒருவர் நாளுக்கு 1700 கலோரி சாப்பிட்டுக்கொண்டு வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரோட்டீன் பவுடர்) டப்பாவை மட்டும் காலி செய்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. இப்படி மூன்று டப்பா முடித்த பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அந்தக் காசுக்கு முட்டையும் சோறும் வாங்கியிருக்கலாமே என்று எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

சரி, என் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்க உங்களுக்கு எவ்வளவு தேவை என்று முதலில் பாருங்கள். ஜிம்மில் இதை மெயின்டனன்ஸ் என்பார்கள். இதற்குப் பலரும் பயன்படுத்துவது 1990-இல் வெளிவந்த மிஃப்லின்–செயின்ட் ஜியார் சூத்திரம்:

ஆண்: (10 × எடை கிலோவில்) + (6.25 × உயரம் செ.மீ.யில்) − (5 × வயது) + 5

பெண்: கடைசியில் +5 வராது, −161 வரும். மற்றதெல்லாம் அதேதான்.

24 வயது, 62 கிலோ, 170 செ.மீ. உயரம், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை, வாரத்தில் நான்கு நாள் ஜிம். இப்படி ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். 620 + 1062.5 − 120 + 5. மொத்தம் 1567 சொச்சம். அவர் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்புக்கு ஆகும் செலவு இது. இதை அன்றாட உழைப்புக்கு ஏற்றபடி பெருக்க வேண்டும். அசையாத வாழ்க்கைக்கு 1.2, லேசான உழைப்புக்கு 1.375, நடுத்தரத்துக்கு 1.55, நல்ல உழைப்புக்கு 1.725. நம் தம்பிக்கு 1.375 போட்டால் ஏறக்குறைய 2150 வருகிறது.

பெருக்கும் எண்ணில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒரு மணி நேரம் ஜிம்முக்குப் போவதாலேயே தன்னை ‘நல்ல உழைப்பு’ என்று போட்டுக்கொள்கிறார்கள். மீதி 23 மணி நேரம் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. நாள் முழுக்க நின்று வேலை செய்யும் ஜவுளிக்கடை ஊழியருக்கும், டெலிவரிக்கு அலைகிறவருக்கும், லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே எண் வராது. சந்தேகம் இருந்தால் சிறிய எண்ணையே போடுங்கள்.

ஒரு ஆப் 2100 என்கிறது, இன்னொன்று 2600 என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் தொடக்கப்புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சூத்திரமே அமெரிக்காவில் 498 பேரை அளந்து போட்ட கணக்கு. உங்களை யாரும் அளக்கவில்லை. பத்து சதவீதம் முன்னே பின்னே போவது சாதாரணம். 2150-இல் பத்து சதவீதம் என்றால் 215 கலோரி. நாம் கூடுதலாகச் சாப்பிடப் போவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆப் சொல்வது ரொம்பத் தள்ளிப் போகிறதா என்று பார்க்க நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் கொடுத்த பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 2110 கலோரி, நடுத்தர உழைப்புக்கு 2710. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1660, 2130.

உங்கள் சரியான எண் ஆப்பில் கிடைக்காது. மூன்று வாரம் எடை மிஷினில் ஏறி நின்றால் கிடைக்கும். கீழே சொல்கிறேன்.

மெயின்டனன்ஸுக்கு மேல் எவ்வளவு கூட்டுவது?

புதிதாகத் தொடங்குகிற ஒல்லியான ஆளுக்கு 250-லிருந்து 400 கலோரி வரை. இரண்டு மூன்று வருடம் முறையாகப் பயிற்சி செய்தவருக்கு 150-லிருந்து 250 போதும். புதியவருக்குத் தசை வேகமாக ஏறும். பழகிய உடம்பில் அந்த வேகம் இருக்காது, அதனால் கூடுதல் கலோரிக்கும் அங்கே வேலை குறைவு.

நம் தம்பிக்கு 2150 + 250 = 2400.

250 எல்லாம் ஒரு கணக்கா? 1000 கூட்டினால் சீக்கிரம் ஏறாதா?

எடை சீக்கிரம் ஏறும். ஏறியது தசையா என்பதுதான் கேள்வி.

நார்வேயில் முன்னணி விளையாட்டு வீரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2013-இல் வெளியானது. எல்லோருக்கும் எடைப் பயிற்சி உண்டு. ஒரு குழு மற்றதைவிட நாளுக்குச் சுமார் 600 கலோரி அதிகம் சாப்பிட்டது. 8-லிருந்து 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரு குழுவுக்கும் தசையில் பெரிய வித்தியாசம் இல்லை. கொழுப்போ அதிகம் சாப்பிட்ட குழுவுக்கு 15 சதவீதம் கூடியிருந்தது, மற்றதுக்கு 3 சதவீதம்தான்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் இங்கிலாந்தின் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது தெற்காசிய உடம்பில் அதிகம். அது வயிற்றைச் சுற்றிச் சேரும், சர்க்கரை நோய்க்கும் வழி திறக்கும். தினமும் பரோட்டா, பிரியாணி, மில்க் ஷேக் என்று ஆறு மாதத்தில் 12 கிலோ ஏற்றிவிட்டு, அதை இறக்க ஒரு வருடம் பட்டினி கிடக்கிற பையன்களைப் பார்த்து எனக்கு மனசு ஆறுவதில்லை. அப்படி இறக்கும்போது சேர்த்த தசையிலும் கொஞ்சம் போய்விடுகிறது.

எடையை எப்படிப் பார்ப்பது? ஒரு நாள் 62, அடுத்த நாள் 63 காட்டுகிறதே?

காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் மிஷினில் ஏறுங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே தரையில் மிஷினை வையுங்கள். எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் எண்ணைத் தனியாகப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

என்னிடம் பயிற்சி எடுக்கும் ஒரு தம்பியின் நோட்டில் வியாழனிலிருந்து இப்படி இருந்தது: 62.1, 62.6, 61.8, 62.4, 62.9, 62.3, 62.0. ஐந்தாவது எண் திங்கட்கிழமை. முந்தைய நாள் கல்யாண வீட்டில் பிரியாணி. அன்று காலை அந்தத் தம்பி “அண்ணா, அரைக் கிலோ ஏறிட்டேன், நைட் சாப்பாட்டை நிறுத்திடவா?” என்று போன் செய்தார். உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர் அது. புதன்கிழமை தானாக இறங்கிவிட்டது. ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் 62.3. இந்த வாரத்தின் எடை அதுதான். அடுத்த வாரச் சராசரியோடு இதை ஒப்பிட வேண்டும்.

சராசரி வாரத்துக்கு உங்கள் எடையில் 0.25-லிருந்து 0.5 சதவீதம் ஏறினால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். 62 கிலோவுக்கு வாரம் 150-லிருந்து 300 கிராம். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தும் ஏறவில்லையென்றால் நாளுக்கு 150 கலோரி கூட்டுங்கள். அதைவிட வேகமாக ஏறினால் 150 குறையுங்கள். முதல் வாரத்தை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம். சாப்பாடு கூடியதும் வயிற்றிலும் தசையிலும் தண்ணீர் சேர்ந்து எப்படியும் ஒரு துள்ளல் காட்டும்.

எடையோடு இடுப்பையும் அளக்க வேண்டும். தையல் கடை டேப் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுக்காமல். எடை ஏறுகிறது, தூக்கும் எடையும் கூடுகிறது, இடுப்பு அப்படியே இருக்கிறது என்றால் அருமை. ஸ்குவாட், பெஞ்ச் பயிற்சிகளில் தூக்கும் எடை நின்ற இடத்தில் நிற்க, இடுப்பு மட்டும் விரிகிறது என்றால் சாப்பாடு அதிகம், அல்லது பயிற்சியில் உழைப்பு போதவில்லை.

நான் நிறையத்தான் சாப்பிடுகிறேன். எனக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. என் உடம்புவாகு அப்படியா?

ஓரளவு உடம்புவாகுதான். 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 16 பேருக்குத் தேவைக்கு மேல் நாளுக்கு 1000 கலோரி வீதம் 8 வாரம் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கொழுப்பு அரைக் கிலோகூட ஏறவில்லை, இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல் ஏறியது. ஏறாதவர்கள் தங்களுக்கே தெரியாமல் அதிகம் அசைந்திருக்கிறார்கள்: காலாட்டுவது, எழுந்து நடப்பது, நிமிர்ந்து உட்காருவது. சாப்பாடு கூடினால் சில உடம்பு செலவையும் கூட்டிக்கொள்கிறது. அப்படிப்பட்டவருக்கு 250 போதாது, 500 தேவைப்படலாம்.

ஆனால் அதற்கு முன் நான்கு நாள் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மூன்று தட்டு சாப்பிட்டது நினைவில் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை காலை டீயும் பிஸ்கட்டும் மட்டும் என்பது நினைவில் இல்லை. வயிறு கொள்ளவில்லை என்கிறவர்கள் கலோரியைக் குடியுங்கள். பால், வாழைப்பழ ஷேக், சத்துமாவுக் கஞ்சி எல்லாம் சோற்றைவிடச் சுலபமாக இறங்கும்.

அம்மா சமைப்பதை எப்படி அளப்பது? சாம்பாரில் எத்தனை கலோரி என்று யாருக்குத் தெரியும்?

இதில்தான் பலரும் கணக்கைக் கைவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சாதம். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அது வெந்தால் 280, 300 கிராம் சாதமாகும். ஆகவே 100 கிராம் சாதம் என்றால் 120, 130 கலோரி. வேகாத அரிசி எடைக்கு உள்ள கலோரியை வெந்த சாதத்துக்குப் போட்டு எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஒரே அடியில் கணக்கு மும்மடங்காகிவிடும். எங்கள் வீட்டுச் சாதக்கரண்டியில் குவித்து எடுத்தால் 110 கிராம் வருகிறது. உங்கள் வீட்டுக் கரண்டியை ஒரு முறை எடை போட்டுவிட்டால், அதற்கப்புறம் கரண்டியை எண்ணினாலே போதும்.

அடுத்தது எண்ணெய். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. தாளிக்கிற கை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி ஊற்றும். சமைக்கிறவர் பக்கத்தில் கரண்டியும் கையுமாகப் போய் நிற்காதீர்கள், அவருக்குக் கஷ்டம். மாதக் கணக்காகப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால், அது ஏறக்குறைய 2760 கிராம், 24,800 கலோரி. நாலு பேருக்கும் 30 நாளுக்கும் வகுத்தால் தலைக்கு நாளுக்கு 200 கலோரி சொச்சம். உங்கள் நோட்டில் தினமும் ‘எண்ணெய் 200’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பிறகு குழம்பு, பொரியல், தோசை ஒவ்வொன்றிலும் எண்ணெயைத் தேட வேண்டியதில்லை. வெளியில் சாப்பிட்டால் மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேங்காய்க்கும் இதே வழிதான். துருவிய தேங்காய் 100 கிராமில் 350 கலோரி. தினம் சட்னி அரைக்கும் வீட்டில் இது நிறையவே சேரும். பருப்புக்கு, போடும் பருப்பை ஒரு முறை எடை போட்டுத் தலைக்கு வகுத்தால் சரி. 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 340 கலோரி, புரோட்டீன் 22 கிராம்.

இவ்வளவு செய்தும் கணக்கு கொஞ்சம் தப்பாகத்தான் இருக்கும். பரவாயில்லை. அதே தப்பு தினமும் ஒரே மாதிரி நடந்தால் போதும். நீங்கள் எழுதுவது 2400, உண்மையில் உள்ளே போவது 2600 என்றே வைத்துக்கொள்ளுங்கள். எடை ஏறவில்லை என்றால் உங்கள் நோட்டுக்கணக்கில் 2400-தான் மெயின்டனன்ஸ், அதிலிருந்து 150 கூட்ட வேண்டும். நோட்டும் எடை மிஷினும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் சரி.

புரோட்டீன் எவ்வளவு?

ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம். 2018-இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதற்கு மேல் போனவர்களுக்குச் சராசரியில் கூடுதல் பலன் தெரியவில்லை. பாதுகாப்புக்கு 2 வரை போகலாம். 62 கிலோவுக்கு 100-லிருந்து 125 கிராம்.

2400 கலோரி என்றால் தட்டில் எப்படி இருக்கும்?

காலையில் ஐந்து இட்லி, சாம்பார், இரண்டு அவித்த முட்டை: 550. பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம்: 220. மதியம் 300 கிராம் சாதம், சாம்பார், தேங்காய் போட்ட பொரியல், எலும்பில்லாத கோழி 150 கிராம் போட்ட குழம்பு, ஒரு கிண்ணம் தயிர்: 920. சாயங்காலம் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டல், ஒரு டீ: 260. இரவு இரண்டு சப்பாத்தி, இரண்டு முட்டையில் பொரியல்: 430. எண்ணெயும் இதற்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. மொத்தம் 2380, புரோட்டீன் 110 கிராமுக்கு மேல். பவுடர் எதுவும் இல்லை.

நான் சைவம். முட்டையும் இல்லை.

முடியும், கொஞ்சம் திட்டம் போட வேண்டும். வழக்கமான சோறு–சாம்பார்–ரசம்–மோர் சாப்பாட்டில் புரோட்டீன் 50, 60 கிராமைத் தாண்டுவது கஷ்டம். சோயா உருண்டை உலர்ந்த எடையில் 100 கிராமுக்கு 52 கிராம் புரோட்டீன். அதில் 50 கிராமைக் குருமாவில் போட்டாலே 26 கிராம் வந்துவிடும். பனீர் 100 கிராமுக்கு 18. பொட்டுக்கடலை 100 கிராமுக்கு 20 கிராமை ஒட்டி. வேர்க்கடலையில் 25 இருக்கிறது, ஆனால் கூடவே 560 கலோரிக்கு மேல் வரும், ஆகவே அதைக் கலோரி ஏற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பால் வாங்கும்போதும் பாக்கெட்டைப் பாருங்கள். ஆவின் நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. புரோட்டீன் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எடை ஏறக் கஷ்டப்படுகிறவர் ஆரஞ்சு வாங்கட்டும், தொப்பை இருப்பவர் நீலம் வாங்கட்டும். இவ்வளவும் செய்து 20, 25 கிராம் குறைந்தால் ஒரு ஸ்கூப் வே எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

மாஸ் கெயினர் வாங்கலாமா?

தேவையில்லை. எடை ஏற்ற என்று விற்கும் இந்தப் பவுடர் டப்பாக்களில் பெரும்பாலும் அதிகம் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து. அதற்குப் பதில் வீட்டிலேயே செய்யலாம்: 300 மில்லி ஆரஞ்சுப் பாக்கெட் பால், இரண்டு வாழைப்பழம், 30 கிராம் வறுத்த வேர்க்கடலை, 40 கிராம் ஓட்ஸ். மிக்ஸியில் அடித்தால் 780 கலோரி, புரோட்டீன் 24 கிராம்.

கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் இருக்கிறது. ஏற்றவா, இறக்கவா?

நீங்கள் புதியவர் என்றால் இரண்டுமே வேண்டாம். மெயின்டனன்ஸிலேயே, ஏன் 200 குறைவாகவே சாப்பிட்டு, புரோட்டீனை 1.6-க்கு மேல் வைத்து, ஆறு மாதம் எடைப் பயிற்சி செய்யுங்கள். எடை மிஷின் அசையாது, ஆனால் இடுப்பு குறையும், தோள் விரியும். புதிய உடம்புக்கு இது நன்றாகவே நடக்கும். நம் ஊரில் ஐ.டி. வேலைக்காரர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

பெண்களுக்குக் கணக்கு வேறா?

வழி ஒன்றுதான், எண்கள் சிறியவை. 28 வயது, 52 கிலோ, 158 செ.மீ. என்றால் சூத்திரம் 1206 தரும். 1.375-ஆல் பெருக்கினால் 1660. அதன்மேல் 150, 200 கூட்டினால் 1850 சுற்றி. மாதவிடாயை ஒட்டி ஒரு கிலோ, இரண்டு கிலோ தண்ணீர் ஏறி இறங்கும். அதனால் போன வாரத்தோடு ஒப்பிடாமல் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். ‘கை ஆம்பிளை மாதிரி ஆகிவிடும்’ என்ற பயம் வேண்டாம். 200 கலோரி கூடுதலில் யாருக்கும் அப்படி ஆவதில்லை. பயந்துகொண்டு 1200-லேயே நிற்கிற பெண்களுக்குத்தான் முடி கொட்டுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது.

ஜிம் இல்லாத நாளில் குறைக்கலாமா?

வேண்டாம். தசை கட்டுவது ஓய்விலும் நடக்கும். தினமும் ஒரே அளவு.

கிரியேட்டின் (பயிற்சியில் வலு கூட எடுக்கும் பவுடர்) போட்டதும் ஒரே மாதத்தில் 1.5 கிலோ ஏறிவிட்டது.

தசைக்குள் போன தண்ணீர். நாளுக்கு 3-லிருந்து 5 கிராம் எடுத்தால் முதல் சில வாரத்தில் ஒன்று, இரண்டு கிலோ ஏறலாம். அந்த மாதம் எடையைப் பார்த்துக் கலோரியைக் குறைக்காதீர்கள். இடுப்பு அளவை மட்டும் நம்புங்கள்.

ஏற்றுவதை எப்போது நிறுத்துவது?

இடுப்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. நெருங்கினால். நம் மக்களுக்கு உடல்நல எல்லை என்று வைத்திருக்கும் அளவு அது. பெரும்பாலானவர்களுக்கு அதற்கு முன்பே, 6-லிருந்து 9 மாதத்தில், கொஞ்சம் நிறுத்தி மெயின்டனன்ஸில் இருக்கலாம் என்று தோன்றும். சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினை, தைராய்டு இருப்பவர்களும், காரணமே தெரியாமல் எடை இறங்கிக்கொண்டிருப்பவர்களும் இந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். 2 கிலோ போய்விட்டது. மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. போனதில் பெரும்பகுதி தண்ணீரும் குடலில் இருந்த உணவும். பசி திரும்பியதும் கஞ்சி, இட்லி, பால், முட்டை என்று மெல்லப் பழைய அளவுக்கு வாருங்கள். முதல் வாரம் ஜிம்மில் வழக்கமாகத் தூக்கும் எடையில் பாதி போதும். ஏற்கெனவே ஒரு முறை கட்டிய தசை, புதிதாகக் கட்டுவதைவிடச் சீக்கிரம் திரும்பி வரும். விட்டுப்போன பத்து நாளை நோட்டில் வெற்றாகவே விட்டுவிட்டு, அடுத்த காலையிலிருந்து மிஷினில் ஏறுங்கள்.